மைக் செட்டும் காதும்: ஒலி அமைப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கோட்டை மாரியம்மன், குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை என்று கோயிலுக்குக் கோயில் பந்தல், தெருவுக்குத் தெரு பெட்டி. குகையில் வண்டி வேடிக்கை எனும் அலங்கார வண்டி ஊர்வலம் நடக்கும் நாளில் கூட்டத்தின் இரைச்சலையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்று விழாக் குழுவினர் நெருக்குவார்கள். ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தங்கள். கோடை வந்தால் ஏற்காட்டு மேடைகள்.

சாமி கும்பிட வந்து இரண்டு பாட்டு கேட்டுவிட்டுப் போகிறவரின் காதுக்குப் பெரிய ஆபத்து இல்லை. பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரும், பெட்டியின் மேலேயே சாய்ந்து தூங்கும் உதவிப் பையனும், பக்கத்தில் பம்பை அடிப்பவரும்தான் காதை இழக்கிறார்கள். இந்த வழிகாட்டி முதலில் அவர்களுக்காக. அவர்கள் காது காப்பாற்றப்பட்டால் கூட்டத்தின் காதும் தானாகவே காப்பாற்றப்பட்டுவிடும்.

காது அடைப்பான் வாங்குவதைப் பலர் முதல் வேலையாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டியது. பெட்டியை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைக்கிறோம் என்பதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதனால் அந்த வரிசையிலேயே போவோம்.

1. காதின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

உட்காதில் காக்ளியா என்ற சுருளுக்குள் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்கு மாற்றித் தருபவை இவைதான். அதிக ஒலியில் இவை களைத்துச் சாய்கின்றன. தொடர்ந்து அடி வாங்கினால் செத்துப்போகின்றன. மனிதரில் இவை மறுபடி முளைப்பதில்லை. மாத்திரை, சொட்டு மருந்து எதுவும் திரும்பக் கொண்டுவராது.

பாதிப்பை முடிவு செய்வது ஒலியின் அளவு மட்டுமல்ல, அதில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதும்தான். பணியிடக் கணக்குக்கு உலகெங்கும் பலரும் பின்பற்றுவது அமெரிக்காவின் நியாஷ் நிறுவனத்தின் அளவுகோல். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 94-ல் 1 மணி நேரம், 97-ல் அரை மணி, 100-ல் 15 நிமிடம். 106-ஐத் தொட்டால் 4 நிமிடம்கூடக் கிடையாது.

சின்னதாகத் தெரியும் இந்த 3 டெசிபலை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரின்) பவரை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது 'கொஞ்சம் ஏற்றினார்கள்' என்று மட்டுமே தெரியும். ஆனால் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் அதற்குள் பாதியாகிவிட்டிருக்கும். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். விழாக் குழுவினர் "இன்னும் ரெண்டு பெட்டி சேத்துப் போடுப்பா" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை அவர்களிடம் சொல்லுங்கள். இரண்டு பெட்டி சேர்ப்பதால் அவர்களுக்கு வாடகை கூடும், மக்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

சேலத்துக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே மைக் செட் வேலைக்கு வரும் பையன்களில் பலர் பகலில் விசைத்தறி ஓட்டுபவர்கள். தறிக்கூடத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். காலையிலிருந்து தறிச் சத்தத்தில் இருந்தவரின் அன்றைய கணக்கு சாயங்காலத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அதன்மேல் இரவு பெட்டிக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் என்றால், அது முழுக்கக் கடன். அப்படிப்பட்டவரை மேடைக்குப் பின்பக்க வேலைக்கோ, வயர் பார்க்கும் வேலைக்கோ அனுப்புங்கள். பெட்டிக்கு முன்னால் நிறுத்தாதீர்கள்.

2. அளந்து பாருங்கள்

காதை வைத்து அளக்க முடியாது. அரை மணி நேரத்தில் காது பழகிவிடும். பழகிய காதுதான் மிக்ஸரில் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரை மேலே தள்ளச் சொல்லும்.

கையில் ஒலி அளவுமானி இருந்தால் நல்லது. இல்லையென்றால் செல்போன் செயலியே ஓரளவுக்குப் போதும். ஐபோனில் நியாஷ் வெளியிட்ட இலவசச் செயலி நம்பகமானது. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் வித்தியாசம் வரும். நண்பரின் அளவுமானியோடு ஒருமுறை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எத்தனை டெசிபல் கூடவோ குறையவோ காட்டுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். காது கேட்கும் விதத்தைப் பின்பற்றும் ஏ-வெயிட்டிங், ஸ்லோ என்ற அமைப்பில் வைத்து அளக்க வேண்டும். பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, அதிகமாக ஓடும் நிகழ்ச்சியில், அதையும் சேர்த்து அளக்கும் சி-வெயிட்டிங்கிலும் ஒருமுறை பாருங்கள். இரண்டுக்கும் 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேஸ் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று இடங்களில் அளக்க வேண்டும். பெட்டிக்கு மிக அருகில் ஓர் ஆள் போய் நிற்கக்கூடிய இடம், ஆபரேட்டரின் நாற்காலி, கூட்டத்தின் நடுப்பகுதி. பலரும் கடைசி இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். முதல் இடத்தில் வரும் எண்தான் முக்கியம்.

கருவி எதுவும் இல்லையா? கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் 85-ஐத் தாண்டிவிட்டது.

நிகழ்ச்சி அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு வரையறை வெளியிட்டது. எந்த 15 நிமிட சராசரியும் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அதன் மேல் வரம்பு. கச்சேரிக்கே அதுதான் உச்சம். கோயில் பந்தலில் பக்திப் பாட்டு போடுவதற்கு அதன் பக்கத்தில்கூடப் போக வேண்டியதில்லை.

3. பெட்டி வைக்கும் இடம்

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 118 டெசிபல் தரும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 2 மீட்டரில் 112, 4 மீட்டரில் 106, 8 மீட்டரில் 100, 16 மீட்டரில் 94, 32 மீட்டரில் 88. பின்வரிசையில் நிற்பவருக்கு 88 கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியைத் தரையில் வைத்து ஏற்றினால், அதன் முன்னால் 2 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு 112 போகிறது. அங்கே பாதுகாப்பான நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

இதையே உயர்த்தி வையுங்கள். பேச்சும் பாட்டும் வரும் டாப் பெட்டியின் அடிப்பாகம் தலைக்கு மேலே நன்றாக உயர்ந்து, முகம் சற்றுக் கீழ்நோக்கிக் கூட்டத்தின் நடுப்பகுதியைப் பார்க்கட்டும். பக்கத்தில் நிற்பவரின் காதுக்கும் பெட்டிக்கும் இடையே இப்போது மூன்று நான்கு மீட்டர் வந்துவிடும். பெட்டியில் உயர்ந்த ஒலியை வீசும் ஹாரனின் நேர்க் கோட்டிலிருந்தும் அவர் விலகிவிடுவார். பின்வரிசைக்குப் போகும் ஒலி அப்படியே இருக்க, முன்வரிசைக்கு 6 முதல் 10 டெசிபல் வரை குறையும். ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய பாதுகாப்பு இதுதான்.

அடுத்தது பிரித்து வைப்பது. நீளமான தெருவில் கோயில் வாசலில் நான்கு பெட்டியைக் குவித்து வைத்துத் தெருக்கோடி வரை கேட்கவைப்பது பழைய வழக்கம். வாசலில் இரண்டு, 30 மீட்டர் தள்ளி இரண்டு என்று பிரித்தால் எல்லாவற்றையும் குறைத்தே ஓட்டலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும். தள்ளி வைத்த பெட்டிக்குத் தாமதம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே நிற்பவருக்குப் பேச்சு இரண்டு முறை கேட்கும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 30 மீட்டருக்கு 88 மில்லி செகண்ட் வரும். டிஜிட்டல் மிக்ஸரிலோ, பேஸையும் மற்ற ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரிலோ அந்த எண்ணைப் போட்டுவிட்டு, அங்கே நின்று கைதட்டும் சத்தத்தை மைக்கில் கேட்டுச் சரிபாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மாதிரி வீடுகள் நெருங்கிய தெருக்களில் 6 டெசிபல் கணக்கு அப்படியே பலிக்காது. இரண்டு பக்கச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பும். மூலையில் பேஸ் பெட்டியை வைத்தால் பேஸ் இன்னும் வீங்கும். அங்கே ஒலியை ஏற்றுவதற்கு முன் தெருவில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். எந்த ஜன்னலுக்கு நேராகப் பெட்டி பார்க்கிறது, உள்ளே கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது நம் கடமை. "அண்ணே, பாப்பா தூங்குது, கொஞ்சம் திருப்பி வைங்கண்ணே" என்று ஓர் அக்கா வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெட்டிக்கு முன்னால் 3 மீட்டராவது கயிறோ சவுக்குக் கம்போ கட்டித் தடுத்துவிடுங்கள். குழந்தைகள் ஆடுவதற்குத் தேடிப் போய் நிற்கும் இடம் பேஸ் பெட்டியின் முன்னால்தான்.

பெட்டி விழுவதும் ஓர் ஆபத்து. இரட்டை 18 இன்ச் பேஸ் பெட்டிகள் பல 80 கிலோவைத் தாண்டுபவை. ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பேஸ் ஓடும்போது மேல் பெட்டி மெல்ல மெல்ல நகரும். நிகழ்ச்சி தொடங்கும்போது விளிம்போடு இருந்த பெட்டி, முடியும்போது இரண்டு விரல் அளவு வெளியே வந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஸ்டேண்ட் போட்டால் மூன்று காலும் முழுதாக விரிந்திருக்க வேண்டும். உயரத்தைப் பூட்டும் பின் (ஊசி) செருகியிருக்க வேண்டும். காலின் மேல் மணல் மூட்டை வைக்க வேண்டும்.

4. மின்சாரம்

காது மெல்லப் போகும். மின்சாரம் ஒரே நொடியில் ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஈபி கம்பத்தில் கொக்கி போட்டு எடுக்கவே கூடாது. சட்டப்படிக் குற்றம் என்பது ஒருபுறம். அந்த லைனில் உங்களைக் காக்கும் பியூஸ், எர்த் எதுவுமே இருக்காது என்பதுதான் பெரிய விஷயம். முறையாகத் தற்காலிக இணைப்பு வாங்கச் சொல்லுங்கள், அல்லது ஜெனரேட்டர் போடச் சொல்லுங்கள்.

பிளக் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. முதல் எண் 250-ஐத் தாண்டினாலோ, பந்தல் விளக்குகள் ஒரு பக்கம் பளிச்சென்றும் இன்னொரு பக்கம் மங்கியும் எரிந்தாலோ, நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. மூன்று ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறலாம். ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாம் ஒரே நேரத்தில் புகைந்துவிடும். சரிசெய்யும்வரை ஒரு பிளக்கைக்கூடச் செருகாதீர்கள்.

மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை உங்கள் சொந்த மெயின் பெட்டியிலேயே பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்ப் பந்தலுக்குப் போனாலும் அது கூடவே வரும். ஒவ்வொரு நாளும் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஆனால் பட்டன் வேலை செய்வதால் எர்த் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த் இல்லாத இடத்திலும் அந்தப் பட்டன் டிரிப் ஆகும். எர்த்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓட்டும்போது அதன் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காவிட்டால் ஆர்சிசிபி வைத்தும் பயனில்லை. அந்த இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

'ங்ங்ங்' என்று ஹம் வந்தால் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுவது நம் ஊரில் ரொம்பப் பழைய வைத்தியம். தயவுசெய்து இனி யாரும் செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்பில் ஒரு வயர் உடலைத் தொட்டால், மைக்கின் உலோகக் கூடு வழியாகப் பாடுகிறவரின் உதட்டுக்கு மின்சாரம் போகும். ஹம்மைத் தீர்க்க வேறு வழிகள் உண்டு. கீபோர்டு, லேப்டாப் லைனை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் போட்டு அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை அழுத்தலாம். ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். ஆடியோ சாமான் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸிலிருந்து எடுத்து, சீரியல் செட்டையும் டிம்மரையும் வேறு ஃபேஸுக்குத் தள்ளலாம். பெரும்பாலான ஹம் இந்தக் கடைசி மாற்றத்திலேயே அடங்கிவிடும்.

ஸ்பீக்கர் வயரில் பாட்டுதானே போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. 8 ஓம் பெட்டிக்கு 1000 வாட் போகும்போது அந்த வயரில் சுமார் 89 வோல்ட் இருக்கிறது. தோல் உரித்த முனையை ஈரக் கையில் தொட்டால் உதறிவிடும். முனை வெளியே தெரியாத ஸ்பீக்கான் கனெக்டர் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. நான்கு 8 ஓம் பெட்டியை இணையாகக் கோத்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே கோத்துவிடுங்கள்.

மழை தூறினால் தார்ப்பாய் போடுவோம். ஆம்பின் காற்றுத் துவாரத்தை மூடிவிடாமல், கம்பு நட்டு மேலே கூரை மாதிரி கட்டுங்கள். இணைப்புப் பெட்டிகளைத் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரமாவது தூக்கி வையுங்கள். யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், அப்புறம்தான் ஆள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, இன்னொருவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

5. ஆன் செய்யும் வரிசை

மிக்ஸர் முதலில், கிராஸ்ஓவர் அடுத்து, ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் வரும் 'டம்' சத்தம் ஹாரனுக்குள் அதிரும் மெல்லிய டயஃப்ரத்தையும் அருகில் நிற்பவர் காதையும் சேர்த்து அடிக்கும். ஆன் செய்யும்போது ஃபேடர் எல்லாம் கீழே இருக்கட்டும். மைக் வயரைச் செருகுவதும் பிடுங்குவதும் மியூட் போட்ட பிறகுதான்.

கெயினை (மைக்கிலிருந்து மிக்ஸருக்குள் வரும் ஒலியின் அளவை) வைக்கும்போது பாடுபவரை நிஜமாகவே பாடச் சொல்லுங்கள். "ஹலோ, ஒன் டூ த்ரீ" போதாது. மேடையில் அவர் உச்சத்துக்குப் போகும்போதும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. இப்படி அளவு மீறிக் கிளிப் ஆன (சிதைந்த) ஒலி காதுக்கும் கரகரப்பு, ஹாரனுக்கும் எமன். கடைசியில் ஒரு லிமிட்டரைப் போட்டு, அன்றைக்கு நீங்கள் முடிவு செய்த உச்ச அளவில் பூட்டிவிடுங்கள். விழாக் குழுவில் யார் வந்து ஃபேடரைத் தள்ளினாலும் அதற்கு மேல் போகாது.

ஹெட்போனில் கவனம் வேண்டும். சுற்றிலும் 95 டெசிபல் இருக்கும்போது ஹெட்போனில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அதைவிடக் கூட்டித்தான் வைப்போம். நல்ல மூடிய வகை ஹெட்போன் வைத்துக்கொள்ளுங்கள். சில நொடி கேட்டுவிட்டுக் கழற்றிவிடுங்கள். மேடையில் தங்கள் குரலைக் கேட்க இன்-இயர் (காதுக்குள் வைக்கும் கருவி) போடும் பாடகர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு காதில் மட்டும் போடும் பழக்கம் வேண்டாம். திறந்த காதில் மேடைச் சத்தம் ஏறும். அதை ஈடுகட்ட மூடிய காதில் ஏற்றுவீர்கள்.

6. மைக் கூவுவதைத் தடுப்பது

ஃபீட்பேக் எரிச்சல் மட்டுமல்ல, காதுக்கு நேரடி அடி. அது பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் 'கீ' என்று எழும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் அதுதான்.

மைக் எப்போதும் மெயின் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு, பாடுபவர் தன் குரலைக் கேட்கும் மானிட்டர் பெட்டியை நேர் பின்னால் வையுங்கள். சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்னால் சற்று ஒதுங்கி, இரண்டு பக்கமும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்க வேண்டாம் என்று பேச வருகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். கூவினால் முதலில் செய்ய வேண்டியது ஃபேடரை இறக்குவது. ஈக்குவலைசரில் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம். நிகழ்ச்சிக்கு முன், கூட்டம் வராத நேரத்தில் மெல்ல ஏற்றிப் பார்த்து, எந்த அலைவரிசை முதலில் கூவுகிறதோ அதை மட்டும் குறுகலாகக் குறைத்து வைத்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி.

7. காதில் போடுவது

பஞ்சு காதைக் காக்காது. ஃபோம் அடைப்பான் மருந்துக் கடையிலும் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பத்தில் எட்டுப் பேர் அதைத் தொப்பி மாதிரி வாயிலில் செருகிவிட்டு, பயனில்லை என்று கழற்றிவிடுகிறார்கள் என்பதுதான் என் அனுபவம். போடும் முறை இது.

கையைக் கழுவுங்கள். அடைப்பானை இரண்டு விரலுக்கு நடுவே மடிப்பு விழாமல் மெல்லிய திரியாக உருட்டுங்கள். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து, காது மடலின் மேற்பகுதியைப் பிடித்து மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுங்கள். காதுக் குழாய் அப்போதுதான் நேராகும். திரியை உள்ளே தள்ளி, விரல் நுனியால் 20 முதல் 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஃபோம் விரிந்து குழாயை நிறைக்கும். இப்போது பேசிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் கனமாக ஒலித்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் வெளியே பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

உறையில் 30 டெசிபல் குறைக்கும் என்று எழுதியிருந்தாலும், நடைமுறையில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 15 குறைந்தாலே 100 டெசிபல் 85 ஆகிவிடும். கால் மணி நேரம் மட்டும் நிற்கக்கூடிய இடத்தில் 8 மணி நேரம் நிற்கலாம். ஆனால் நடுவே கழற்றினால் கணக்கு கவிழ்ந்துவிடும். 100 டெசிபலில் 15 நிமிடம் கழற்றி வைத்திருந்தாலே அன்றைய பங்கு முழுதும் தீர்ந்துவிடும்.

மிக்ஸரில் உட்காருபவரும், தவில், பம்பை, பறை வாசிப்பவர்களும் இசைக் கலைஞர்களுக்கான ஃபில்டர் அடைப்பானைப் பயன்படுத்துவது நல்லது. 9, 15, 25 டெசிபல் என்று ஃபில்டர் மாற்றிக்கொள்ளலாம். எல்லா அலைவரிசையையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் நாதம் மாறாது. வேட்டு வெடிக்கும் நேரத்தில் எந்த அடைப்பானை நம்பியும் அருகில் நிற்காதீர்கள். பட்டாசுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சமே 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்.

குழந்தைகளுக்கு ஃபோம் அடைப்பான் வேண்டாம். அவர்கள் அளவுக்குக் காதை வெளியிலிருந்து மூடும் இயர்மஃப் கிடைக்கிறது. அதைவிட நல்லது, தூக்கிக்கொண்டு தள்ளிப் போவது.

8. மலைக்குப் போகும்போது

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஆம்ப் ராக்கை வண்டியின் தரையில், கேபினை ஒட்டி வைத்துக் கட்டுங்கள். டாப் பெட்டியை மேலே அடுக்கிக் கயிற்றை நம்பினால் வளைவில் ஆடும்.

மேலே மாலையில் பனி இறங்கும்போது சாமான் நனையும். ராத்திரி வெளியே கிடந்த மிக்ஸரைக் காலையில் உடனே ஆன் செய்யாதீர்கள். அறைக்குள் அரை மணி நேரமாவது காய விடுங்கள். மே மாதக் கோடை மழை இடியோடுதான் வரும். சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும் உச்சி 1600 மீட்டருக்கும் மேலே திறந்த வெளி. முதல் இடி கேட்டதும் நிகழ்ச்சியை நிறுத்தி, மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆட்களை இரும்புக் கட்டமைப்பிலிருந்து விலக்கி உள்ளே அனுப்புங்கள். காற்றுக்கு பேனரைப் பெட்டிக் கட்டமைப்பில் கட்டக் கூடாது. அது பாய்மரம் மாதிரி இழுக்கும்.

ராத்திரி மலையில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கீழேயும் சற்று வெதுவெதுப்பானது மேலேயும் இருந்தால் ஒலி மேலே போய்க் கரையாமல் வளைந்து மறுபடி தரைக்கு வரும். அதனால்தான் பகலில் கேட்காத தூரத்துக்கு இரவில் கேட்கிறது. எஸ்டேட்டுகளுக்குள் காட்டெருமைகள் நடமாடும் ஊர் இது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு பேஸைக் குறைத்து, பெட்டியைப் பள்ளத்தாக்கு பார்க்காமல் திருப்பி வையுங்கள்.

9. சட்டம் சொல்வது

ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் போடக் கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. பொது இடத்தின் எல்லையில் சுற்றுப்புற அளவைவிட 10 கூடுதல் அல்லது 75, இவற்றில் எது குறைவோ அது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். கூம்பு வடிவக் குழாய்களைக் கட்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் அவற்றுக்குத் தடை இருக்கிறது.

10. வேலை முடிந்த பிறகு

காதில் 'ஙொய்' என்ற இரைச்சல், அடைத்த மாதிரி உணர்வு இரண்டும் எச்சரிக்கை. அன்று இரவும் மறுநாளும் காதுக்கு முழு ஓய்வு கொடுங்கள். "காலைல சரியாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் 2009-ல் எலிகளில் காட்டியது இது: கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் மயிரிழைச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையே இருந்த இணைப்புகள் பல நிரந்தரமாகப் போயிருந்தன.

எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, பின்னூசியால் குடைவது இரண்டும் வேண்டாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். மருந்து சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். மெழுகாக இருக்கும் என்று ஒரு வாரம் பார்க்காமல், அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

ஒலியால் வரும் பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுவதாகத் தொடங்கும். பேச்சு கேட்கும், ஆனால் கூட்டத்தில் மெய்யெழுத்துகள் தெளிவாக விழாது. "கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று ஒருவர் சொல்லத் தொடங்கும்போது பாதிப்பு ஏற்கெனவே முற்றியிருக்கும். அதனால் ஆடி சீசன் தொடங்குவதற்கு முன் உங்களுக்கும் உங்கள் பையன்களுக்கும் ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். பரிசோதனைக்கு முந்தைய 14 மணி நேரமாவது தறி, மைக் செட் எதன் சத்தத்திலும் இருக்கக் கூடாது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்து, அடுத்த ஆண்டு பரிசோதனைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி 10 டெசிபல் இறங்கியிருந்தால், அந்த ஆள் இனி பெட்டிப் பக்கம் வேண்டாம், வேறு வேலை கொடுங்கள்.